மாடு எவ்வளவு தின்னும் என்று யாரும் கேட்பதில்லை

வாட்ஸப்பில் இந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். 2023ல் பிரேசிலில் வியாட்டினா-19 என்றொரு பசு ஏலத்துக்கு வந்தது. முழு மாடுகூட இல்லை, மூன்றில் ஒரு பங்குதான் விற்றார்கள். அந்தப் பங்கு போன விலையை வைத்துக் கணக்குப் போட்டால் முழு மாட்டின் மதிப்பு 40 லட்சம் டாலருக்கு மேல். நம்ம பணத்தில் சுமார் 35 கோடி. கின்னஸ்காரர்களும் குறித்துக்கொண்டார்கள். அது நெலோர் இனம். நெலோர் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம நெல்லூர்தான். செம்பூர் கட்டட குரூப், தாராவியில் இருக்கும் ஊர்க்காரர்கள் குரூப், மாட்டுங்கா நண்பர்கள் குரூப் என்று ஒரே செய்தி எனக்கு மூன்று முறை வந்தது. மூன்றிலும் ஒரே பெருமூச்சு: நம்ம மாட்டோட அருமை நமக்குத் தெரியலையே!

பெருமை சரிதான். நெல்லூர் அன்றைக்கு சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஜில்லா. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தொடங்கி 1960களின் தொடக்கம் வரை, விட்டு விட்டு, ஓங்கோல் மாடுகள் கப்பலேறிப் போயின. இன்று பிரேசிலின் கறிமாடுகளில் பெரும்பகுதி அந்த வம்சம். ஆனால் அங்கே போன பிறகு மாட்டோடு சேர்ந்தது என்ன என்பதை ஒரு ஃபார்வர்டும் சொல்வதில்லை. தராசு சேர்ந்தது. கன்று பிறந்த எடை, பால் மறந்த எடை, ஒரு வயது எடை என்று வம்சம் வம்சமாக எழுதி வைத்தார்கள். சாவோ பாவ்லோ மாநிலத்தில் செர்டாவோசின்யோ என்ற ஊரின் ஆராய்ச்சி நிலையத்தில் இளங்காளைகள் ஒவ்வொன்றும் தின்ற தீவனத்தையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்து, குறைவாகத் தின்று அதே அளவு வளரும் காளை எது என்று பார்க்கிறார்கள். (35 கோடிக்குத் தீவனக் கணக்கு மட்டும் காரணமில்லை. மாட்டின் அழகு, கரு விற்பனை வருமானம், ஏலக் கூட்டத்தின் உற்சாகம் எல்லாம் அதில் சேர்த்தி.)

இந்தத் தீவனக் கணக்குதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பி.காமில் காஸ்டிங் படித்த யாருக்கும் இது பழைய நண்பர். இந்த எடையுள்ள மாடு, இந்த வேகத்தில் வளர்ந்தால், இவ்வளவு தின்ன வேண்டும் என்பது ஸ்டாண்டர்ட். நிஜமாகத் தின்றது ஆக்சுவல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வேரியன்ஸ். மைனஸில் வந்தால் சிக்கன மாடு, பிளஸில் வந்தால் தீனிப்பண்டாரம். இதற்கு ரெசிடுவல் ஃபீட் இன்டேக் என்று பெயர், இந்த யோசனையை 1963லேயே அமெரிக்காவில் கோக் என்பவரும் சகாக்களும் எழுதிவிட்டார்கள். ஜீரணம், உடம்பில் தசை உடைந்து மறுபடி கட்டப்படும் வேகம், சும்மா சுற்றி வரும் பழக்கம் என்று வித்தியாசத்துக்குப் பல காரணங்கள். முக்கியமான விஷயம், இது பரம்பரையாக இறங்குகிறது. கறிமாடுகளில் இந்த வித்தியாசத்தில் 30 முதல் 40 சதவீதம் வரை வம்சத்தால் வருவது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து டிராங்கி ஆராய்ச்சி நிலையத்தில் 1990களில் இதைச் செய்தே காட்டினார்கள். சிக்கன மாடுகளை ஒரு வரிசையாகவும் தீனிப்பண்டாரங்களை இன்னொரு வரிசையாகவும் ஐந்து வருடம் பெருக்கினார்கள். வந்த கன்றுகளில் ஒரு வரிசை நாளைக்கு 9.4 கிலோ தின்றது, மற்றது 10.6 கிலோ. ஒரு வயதில் இரண்டுக்கும் எடை 380 கிலோ சொச்சம்தான்! வளர்ச்சியில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. ஒரு தலைக்கு ஒரு நாளைக்கு 1.2 கிலோ என்றால் வருடத்துக்கு 438 கிலோ. நல்லதையும் மோசத்தையும் ஒப்பிட்ட கணக்கு இது, சராசரி மாட்டோடு ஒப்பிட்டால் பாதிதான் தேறும். அந்தப் பாதியே சின்னத் தொகை இல்லை.

"கறிமாட்டுக் கணக்கு நமக்கெதுக்கு?" என்று கேட்பீர்கள். மகாராஷ்டிராவில் 2015 மார்ச்சிலிருந்து காளையையும் எருதையும்கூட அறுக்க முடியாது, எருமைக்குத்தான் அனுமதி. நமக்குக் கணக்கு வேண்டியது கறவையில். நம்மில் எத்தனை பேர் இங்கே சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பி மாடு வாங்கித் தந்திருக்கிறோம்! என் தங்கை வீட்டுக்காரர் தாராபுரம் பக்கம் இருக்கிறார். போன மாசம் போனில், "மச்சான், கருங்கல்பாளையம் சந்தையில ரெண்டு கறவை பார்த்து வச்சிருக்கேனுங்க. ஒவ்வொண்ணும் நாளைக்கு 15 லிட்டர் கறக்குமாம்" என்றார்.

"எவ்வளவு திங்குமாம் மாப்பிள்ளை?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மாடு திங்கறதை யாருங்க மச்சான் கணக்குப் பார்ப்பாங்க?" என்றார்.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? சந்தையில் தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுவதிலிருந்து ஆராய்ச்சி நிலையம் வரை இந்த நாட்டில் எல்லோருக்கும் லிட்டர்தான் பேச்சு. பால் உற்பத்திச் செலவில் 60, 70 சதவீதம் தீவனம். சுமாராகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே அளவு கறக்கும் இரண்டு மாடு. ஒன்று கலப்புத் தீவனம் நாளைக்கு ஒரு கிலோ குறைவாகத் தின்கிறது. கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 10,950 ரூபாய். ஐந்து வருடத்தில் ஐம்பத்தைந்தாயிரம். சந்தையில் இரண்டுக்கும் ஒரே விலை சொல்வார்கள்.

எங்கள் தொழிலும் விதிவிலக்கில்லை. மாட்டுக் கடன் மனுவோடு வரும் புராஜெக்ட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். தீவனச் செலவு கட்டாயம் இருக்கும். பசுந்தீவனம் இவ்வளவு, சோளத்தட்டு இவ்வளவு, கலப்புத் தீவனம் இவ்வளவு, கறவையில் இத்தனை நாள், வற்றில் இத்தனை நாள். ஆனால் எல்லா மாட்டுக்கும் ஒரே அளவு! 2018-19 பட்ஜெட்டில் கிசான் கிரெடிட் கார்டை மாடு வளர்ப்போருக்கும் நீட்டினார்கள், நல்ல காரியம். அதிலும் தலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகைதான். ஸ்டாண்டர்ட் உண்டு, ஆக்சுவல் கிடையாது. வேரியன்ஸ் என்றைக்கும் பூஜ்யம். ஒரு தொழிற்சாலைக்காரர் கச்சாப்பொருள் கணக்கை இப்படி எழுதிக்கொண்டு வந்தால் மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

மும்பையில் தீவனக் கணக்கு சரியாக இருக்கும் மாடு ஒன்றே ஒன்றுதான். கோயில் வாசலில் பசுவைக் கட்டிவிட்டு ஒரு அம்மா புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அது. பத்து ரூபாய் கொடுத்துப் புல்லை வாங்கி அவர் மாட்டுக்கே கொடுத்துவிட்டு வருகிறோம். தீவனமே வரவாக வரும் இந்த பிசினஸ் மாடலை எந்த எம்.பி.ஏ.வும் யோசித்திருக்க முடியாது :-)

தபேலாக்காரர்களும் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. நகரத்துக்குள் இருந்த எருமைகளை வெளியே கொண்டுபோக 1949ல் கோரேகாவில் ஆரே காலனி தொடங்கினார்கள். அதன் பின்னால் இருந்த தாரா குரோடி 1963ல் குரியனோடும் திரிபுவன்தாஸ் பட்டேலோடும் சேர்ந்து மகசேசே விருது வாங்கியவர். அவர் தலைவலியே இதுதான். ஹரியானாவின் முர்ரா, குஜராத்தின் ஜாஃபராபாதி, மேசானா என்று நல்ல கறவையாகப் பார்த்துப் பொறுக்கிப் பம்பாய்க்குக் கொண்டுவருவார்கள். பால் வற்றியதும், அடுத்த ஈற்று வரை சும்மா தீனி போடக் கட்டுப்படியாகாது என்று அறுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். நாட்டின் சிறந்த எருமைகள் ஒன்றிரண்டு ஈற்றோடு வம்சம் முடிந்து போயின. பொறுக்கி எடுத்தல்தான், திசை மட்டும் தலைகீழ். 1971லிருந்து அந்த வேலை நடக்கும் தேவனார் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கடாக்கன்றின் கதை இன்னும் மோசம். அது குடிக்கும் பாலின் விலை அதன் விலையைவிட அதிகம் என்பதால் பட்டினி போட்டே சாகவிடுவது வழக்கம். அவற்றைக் காப்பாற்றி இறைச்சிக்கு வளர்க்க 11ஆவது ஐந்தாண்டுத் திட்டத்தில் மத்திய அரசு தனித் திட்டமே போட வேண்டி வந்தது. எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் இருக்கிறோம், இறைச்சிக்கென்று பொறுக்கி வளர்த்த எருமை வம்சம் ஒன்றுகூட இல்லை.

2024 அக்டோபர் 5ஆம் தேதி இதே மகாராஷ்டிராவின் வாசிமில் பிரதமர் பசுவுக்கு கௌ சிப், எருமைக்கு மகிஷ் சிப் என்று இரண்டு மரபணு சிப்களை அறிமுகப்படுத்தினார். மாட்டுக்குள் பொருத்தும் சாமான் இல்லை இது. டி.என்.ஏ.வைப் படித்து, கன்று நாளைக்கு எப்படி வரும் என்று சொல்லும் சோதனை. நல்ல முயற்சி, சந்தேகமில்லை. ஆனால் இதை எங்கள் சிபில் ஸ்கோர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான பேர் வாங்கிக் கட்டிய சரித்திரம் கையில் இருப்பதால்தான் புது ஆளைப் பற்றி ஏதோ சொல்ல முடிகிறது. சிப்பும் அப்படியே. எந்த மாடு எவ்வளவு கறந்தது என்று எழுதி வைத்திருக்கிறோம், அதனால் பாலைப் பற்றிச் சொல்லும். எந்த மாடு எவ்வளவு தின்றது என்ற சரித்திரம் இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தில் மைனஸ் ஒன்றுதான் வரும். ஆஸ்திரேலியாவில் 2015லும் அமெரிக்காவில் 2020 டிசம்பரிலும் கறவை மாட்டுக்கு "தீவன மிச்சம்" என்று தனி மதிப்பெண்ணே வந்துவிட்டது. அவர்கள் முதலில் நிறுத்தார்கள், அப்புறம் சிப்புக்குப் போனார்கள்.

இங்கே நாட்டு மாட்டு அன்பர்கள் கை தூக்குவது தெரிகிறது. காங்கயம் மாடு கொஞ்சமாகத் தின்னும், அதுவே சிக்கனம்தானே? 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் கொஞ்சமாகத் தின்பது வேறு, தின்றதற்குக் கொடுப்பது வேறு. காங்கயம் உழவுக்கும் வண்டிக்கும் ஏற்பட்ட மாடு, பால் குறைவு. அதன் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கொறங்காட்டில், கிளுவை வேலிக்குள், கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து நிற்கிற மாட்டுக்குத் தீவன பில்லே கிடையாது. அதே மாட்டைக் கொட்டிலில் கட்டிப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விலைக்கு வாங்கிப் போட்டு, பால் விற்றுப் பிழைக்கலாம் என்று யூடியூப் பார்த்து இறங்குகிறவர்களைக் கண்டால் பயமாக இருக்கிறது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் காங்கயத்தைப் பொறுக்கிப் பெருக்கியது அந்த மேய்ச்சல் நிலத்துக்கு ஏற்றபடிதான். மாட்டை மட்டும் தனியாகப் பிடித்து வந்தால் கணக்கு மாறிவிடும்.

எனக்கென்னவோ பெரிய செலவில்லாமலே இதை ஆரம்பிக்கலாம் என்று தோன்றுகிறது. வெளிநாட்டில் எலக்ட்ரானிக் தொட்டி வைத்து, காதுத் தோட்டைப் படித்து, சுமார் 70 நாள் அளக்கிறார்கள். நம்மிடம் அந்தத் தொட்டி வேண்டாம். விந்து நிலையத்துக்குப் போகும் காளைகளைப் போகுமுன் ஒரு சீசன் கட்டிவைத்து, போட்ட தீவனத்தையும் மிச்சத்தையும் ஒரு ஆள் நிறுத்து எழுதினால் போதும். 1824லிருந்து நடக்கும் ஓசூர் பண்ணை மாதிரி இடங்களில் தராசும் உண்டு, ஆளும் உண்டு. ஒரு காளைக்கு உறைவிந்து மூலம் ஆயிரக்கணக்கில் கன்றுகள், அதனால் சில நூறு காளைகளை அளந்தாலே நாடு முழுக்கப் பலன் போகும். வளரும் காளையின் சிக்கனம் கறவையில் நிற்கும் மகளுக்கு அப்படியே வராது என்பதும் உண்மை. வருகிற அளவு வரட்டுமே. சிக்கனத்தை மட்டும் துரத்தினால் மாடு கொழுப்பில்லாமல் மெலியும், சினை பிடிப்பது தள்ளும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. ஆகவே பால், சினை, தீவனம் மூன்றையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகப் போட வேண்டும்.

மாப்பிள்ளைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். கடனை வாங்குங்கள், கோ-4 புல்லைக் கொஞ்சம் நடுங்கள், ஒரு தொங்கு தராசு வாங்கி ஒவ்வொரு மாட்டுக்கும் தனி நோட்டுப் போடுங்கள். ஆறு மாசம் கழித்து எதன் கன்றை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்வோம். "தராசுக்கும் நீங்களே பணம் அனுப்பீருங்க மச்சான்" என்று சிரித்தார். அனுப்பிவிட்டேன்.

டிஸ்கி: நான் வங்கிக்காரன், கால்நடை டாக்டர் இல்லை. படிக்கிறவர்களில் டாக்டர்கள் யாராவது இருந்தால் ஒரு சந்தேகம். கறவையில் இருக்கும் கலப்பின மாட்டை வீட்டுக் கொட்டிலிலேயே நிறுத்துப் பார்ப்பதென்றால், கன்று போட்ட எத்தனையாவது நாளிலிருந்து எத்தனை நாள் எழுதினால் கணக்கை நம்பலாம்? மாப்பிள்ளை நோட்டோடு காத்திருக்கிறார்.