மக்கள் சொல்லா? மனசாட்சியா?



குடிமையியல் பாடத்தில் 'மக்கள் பிரதிநிதி' என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கியாச்சு. ஆனால் பிரதிநிதி என்றால் யார்? நாம் சொல்வதை அப்படியே சட்டசபையில் கொண்டுபோய்ச் சேர்க்கிற தபால்காரரா? இல்லை, நமக்காக யோசித்து முடிவெடுக்கிறவரா? தொகுதி மக்கள் ஒன்று சொல்ல, அவருடைய மனசாட்சி வேறொன்று சொன்னால் அவர் எதைக் கேட்கணும்?

"இதில் என்ன சந்தேகம்? ஓட்டு போட்டது நாம, சம்பளம் நம்ம வரிப்பணம், நாம சொல்றதைத்தான் கேட்கணும்" என்று பலர் சொல்வார்கள். நியாயமான பேச்சுதான். ஆனாலும் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

இங்கிலாந்தில் 1774-ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரத்தில் ஜெயித்த எட்மண்ட் பர்க், ஜெயித்த கையோடு வாக்காளர்களிடமே இதைப் பேசினார். உங்கள் விருப்பத்துக்கு மதிப்புத் தருவேன், ஆனால் என் அறிவையும் மனசாட்சியையும் அடகு வைக்க மாட்டேன் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். சொன்னபடியே நடந்தார். அயர்லாந்துக்கு வணிகச் சலுகை தரலாம் என்றார். பிரிஸ்டல் வியாபாரிகளுக்குக் கோபம் வந்தது. கத்தோலிக்கர் மீதிருந்த சட்டக் கெடுபிடிகளைத் தளர்த்தவும் ஆதரவு தந்தார். கோபம் இன்னும் கூடியது. 1780 தேர்தலில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் அந்த ஊர்ப் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று கேட்டபோது 42 பேரில் 35 பேர் தீம் பார்க்குக்குக் கை தூக்கினோம். ஆளுக்கு 900 ரூபாய். மீதி ஏழு பேர் எதற்குமே கை தூக்கவில்லை. லீடர் மிஸ்ஸிடம் போய், "எல்லாரும் வர முடியுற மாதிரி வேற இடம் பாருங்க மிஸ்" என்று சொல்லிவிட்டாள். வகுப்பில் ஒரே சண்டை. "உன்னை லீடர் ஆக்கினது நாங்கதானே?" என்று கேட்டதற்கு, "அந்த ஏழு பேரும்தானே ஓட்டு போட்டாங்க?" என்றாள். யாரிடமும் பதில் இல்லை!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அதிகச் சத்தம் போடுகிறவர்களின் குரல் பிரதிநிதியின் காதில் தானாகவே விழுந்துவிடும். கை தூக்காதவர்களின் குரலைக் கேட்க மனசாட்சி வேண்டும்.

மனசாட்சிக்கு விலையும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு முதன்முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் ஜெனட் ராங்கின். முதல் உலகப்போரில் சேர வேண்டாம் என்று 1917-இல் ஓட்டு போட்டார். 1941-இல் ஜப்பான் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கிய மறுநாள், பிரதிநிதிகள் சபையில் போருக்கு ஆதரவாக 388 ஓட்டு, எதிராக ஒரே ஓட்டு. அந்த ஒன்று இவருடையது. ஆத்திரத்தோடு கூட்டம் சூழ்ந்ததால் ஒரு டெலிபோன் பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. அவர் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் வாதாடலாம். ஆனால் லாபத்துக்காகச் செய்தார் என்று யாராவது சொல்ல முடியுமா?

2001-இல் அதே சபையில் பார்பரா லீ 420-க்கு எதிராகத் தனியொரு ஓட்டு போட்டார். கொலை மிரட்டல்கள் வந்தன. ஆனால் அவருடைய தொகுதி மக்கள் 2002-இல் அவரையே மீண்டும் பெரும் வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். ஆக, மனசாட்சிப்படி நடந்தால் தோல்விதான் என்று கணக்குப் போடவும் கூடாது!

"அதெல்லாம் சரி, நம்ம ஊர்ல கட்சி மாறுறவங்ககூட மனசாட்சின்னுதானே சொல்றாங்க?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. 1967-இல் ஹரியானா சட்டமன்ற உறுப்பினர் கயா லால் சில நாட்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற கேலிப் பேச்சு அதிலிருந்துதான் பிறந்தது. இதைத் தடுக்கத்தான் 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டு போட்டால் பதவியே போகலாம். நல்ல நோக்கம்தான். ஆனால் என்ன ஆயிற்று? இப்போது சபையில் மக்கள் சொல்லும் இல்லை, மனசாட்சியும் இல்லை, கொறடா சொல்தான்! நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு போதும் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-இலேயே சொல்லிவிட்டது. அதுதான் என் கருத்தும்.

நிஜ மனசாட்சியையும் போலி மனசாட்சியையும் எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்த வழி இதுதான்: ஓட்டு போட்ட பிறகு அவருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். மந்திரி பதவி கிடைத்தால் அது வியாபாரம். வசவு கிடைத்தால் ஒருவேளை அது மனசாட்சியாக இருக்கலாம்.

அதற்காக, ஜெயித்துவிட்டால் இஷ்டப்படி நடக்கலாம் என்று நான் சொல்லவில்லை. தேர்தலுக்கு முன்னால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியே ஆகணும். புதிதாக ஒரு பிரச்சினை வந்தால் முதலில் மக்களைக் கேட்கணும். அதற்கப்புறமும் மனசு ஒப்பவில்லை என்றால் மனசாட்சிப்படி ஓட்டு போடட்டும். ஆனால் மறுநாளே தொகுதிக்கு வந்து, ஏன் அப்படிச் செய்தேன் என்று நேருக்கு நேர் சொல்லணும். அடுத்த தேர்தலில் மக்கள் தருவது மாலையோ தோல்வியோ, வாங்கிக்கொள்ளணும்.

நண்பர்களே! இன்னும் மூன்று, நான்கு வருஷத்தில் நமக்கும் 18 வயது. வீட்டு வாசலில் ஓட்டு கேட்டு வருகிறவரிடம் "எங்களுக்கு என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நாங்க தப்பா கேட்டா, முடியாதுன்னு சொல்ல உங்களுக்குத் தைரியம் இருக்கா?" என்றும் கேளுங்கள்.

இதற்கு மறுப்பு எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதலாம். அடுத்த இதழில் இடம் இருக்கிறது!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி