மருந்தும் மன்றாட்டும்

நோயாளியை நலம் விசாரித்தல் ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்கு ஆற்ற வேண்டிய கடமைகளுள் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். இக்கடமையில் நம் மக்கள் பெரும்பாலும் குறை வைப்பதில்லை. தெருவில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் பழங்களோடு சென்று பார்க்கிறோம். இதய அறுவை என்றால் ஜமாஅத்தில் தொகை திரட்டுகிறோம். ஆனால், சித்தம் கலங்கிய ஒருவர் இருக்கும் வீட்டின் படியை மட்டும் எவரும் மிதிப்பதில்லை. அவ்வீட்டாரும் கதவைத் திறந்து வைப்பதில்லை. மகளின் திருமணம் தடைப்படுமே என்று தாய் அஞ்சுகிறாள். கடைத்தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாதே என்று தந்தை அஞ்சுகிறார். நோய்கள் பலவற்றுள் நலம் விசாரிப்பார் அற்ற நோய் இஃதொன்றே எனலாம்.

இந்நோயாளர்பால் நம் சமுதாயத்திற்கும், பள்ளிவாசல், தர்கா, கல்லூரி முதலிய அறநிலையங்களுக்கும் உரிய கடமை யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மருந்தையும் மன்றாட்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்தல் இயலும். அதனைச் செய்வதற்கு அரசைக் காட்டிலும் நாமே தகுதியுடையோம் என்பது என் கருத்து.

ஏர்வாடி உணர்த்திய பாடம்

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் அடங்கியுள்ள சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீத் அவர்களின் தர்கா, சமய வேறுபாடின்றி மக்கள் நாடிவரும் இடம். மனநோயுற்றோரை அங்கு அழைத்துச் சென்று தங்கவைப்பது நெடுங்கால வழக்கம். தர்காவின் புனித நீரும் விளக்கெண்ணெயும் நோயைத் தணிக்கும் என்றும், குணமானபின் ஊர் திரும்புமாறு கனவில் ஆணை கிடைக்கும் என்றும் மக்கள் நம்பினர். நாள்கள் மாதங்களாயின, மாதங்கள் ஆண்டுகளாயின. உறவினர் உடனிருக்க இயலாதபோது, நோயாளரைப் பணம் பெற்றுப் பராமரிக்கும் தனியார் விடுதிகள் தர்காவைச் சுற்றிப் பெருகின.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய விடுதியொன்றின் கீற்றுக்கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளிருந்தோருள் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தப்பி ஓட வழியின்றி 28 உயிர்கள் மடிந்தன. நாடே அதிர்ந்தது. உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அம்மாதத்திலேயே விடுதிகள் மூடப்பட்டு, அங்கிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். பின்னர் இயற்றப்பட்ட 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தல் கூடாது எனத் தெளிவாக விலக்கியது.

இந்நிகழ்ச்சியை மூடநம்பிக்கையின் விளைவு என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் உளர். அது முழு உண்மையாகாது. மகனைச் சங்கிலியில் விட்டுச்சென்ற தந்தை அவனை வெறுத்தவர் அல்லர். அரசின் மனநோய் மருத்துவமனை என்று தமிழகத்தில் பெயர் சொல்லத்தக்கதாக நெடுங்காலம் இருந்தது சென்னைக் கீழ்ப்பாக்கம் ஒன்றே. சாயல்குடிக்கோ கமுதிக்கோ அப்பால் ஒரு சிற்றூரில் வாழும் கூலித்தொழிலாளி அங்கே செல்வது எங்ஙனம்? சென்றாலும் மாதந்தோறும் மருந்து வாங்க மீண்டும் மீண்டும் செல்வது எங்ஙனம்? வறுமை, தொலைவு, அறியாமை, ஊரார் ஏச்சு ஆகிய நான்கு கண்ணிகளும் சேர்ந்தே அச்சங்கிலியை உருவாக்கின. இரும்புச் சங்கிலியைச் சட்டம் அறுத்தது. இந்நான்கு கண்ணிகளை அறுக்கும் பணி நம்மைச் சார்ந்தது.

சொல்லும் பொருளும்

நம் மொழியில் வழங்கும் ‘பித்து’, ‘பைத்தியம்’ என்னும் சொற்கள் பித்தத்தின் அடியாகப் பிறந்தவை. வாதம், பித்தம், கபம் என உடலின் இயல்பை வகுத்த பழைய மருத்துவம், சித்தக் கலக்கத்தையும் உடலைச் சார்ந்த நோயாகவே கண்டு மருந்து வகுத்தது. இன்று ஏச்சாக மாறிவிட்ட சொல், தோன்றியபோது நோயின் பெயராகவே இருந்தது என்பது கருதத்தக்கது. அரபு மொழியில் ‘மஜ்னூன்’ என்னும் சொல் ‘ஜின்’ என்பதோடு ஒரே வேரிலிருந்து பிறந்தது. மக்கத்துக் குறைஷியர் நபிகளாரையே அச்சொல்லால் ஏசினர். அவ்வேச்சைத் திருமறை மறுத்துரைத்தது. அத்தகைய சொல்லை எளியவர் ஒருவர்மீது எறியுமுன் நாம் நாணவேண்டும்.

இறைக்காதலில் தம்மை மறந்த குணங்குடி மஸ்தான் சாகிபு போன்றோரை நம் மக்கள் போற்றினர். அது ஞானநிலை. உறக்கமின்றித் தவிக்கும் இளைஞனின் நிலை வேறு, அது நோய். இரண்டையும் ஒன்றெனக் கருதி, மருந்து வேண்டியவனுக்கு மரியாதை மட்டும் தந்து அமைவதும், தாயத்து மட்டும் கட்டி அமைவதும் அவனுக்கு இழைக்கும் தீங்கேயாகும்.

மருந்தை நாடுவது இறைநம்பிக்கைக்குக் குறைவு என்போர்க்கு நம் வரலாறே விடையளிக்கிறது. நோயைத் தந்த இறைவன் அதற்குரிய மருந்தையும் தந்துள்ளான், ஆதலின் மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதே நபிகளாரின் அறிவுரை. பத்தாம் நூற்றாண்டில் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல்நலத்தோடு உள்ளநலத்தையும் இணைத்து நூல் செய்தார். கெய்ரோவில் 1284-இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனை வக்ஃபு வருவாயால் இயங்கியது. மனநோயாளர்க்கென அங்குத் தனிப்பகுதி இருந்தது. இன்று வக்ஃபு என்றதும் நம் நினைவுக்கு வருவன கடைவாடகையும் நீதிமன்ற வழக்குமே. அன்று அது நோயாளியின் படுக்கையாகவும் மருந்தாகவும் இருந்தது.

மதுரை காட்டிய வழி

அறநிறுவனம் ஒன்று எளியோர் நோயை எவ்வாறு தீர்க்கலாம் என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கண்மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை செய்த பெருமகன் அவர். பணம் செலுத்த இயன்றோரின் கட்டணம், இயலாதோரின் சிகிச்சையைத் தாங்கும் முறையை அந்நிறுவனம் வளர்த்தது. 1992-இல் கண்ணுள் பொருத்தும் வில்லையை மதுரையிலேயே செய்யத் தொடங்கி அதன் விலையையும் குறைத்தது.

ஆயினும், நாம் கற்கவேண்டிய பாடம் வேறொன்று உண்டு. அறுவை இலவசம் என்று அறிவித்தால் மட்டும் ஏழை வந்துவிடுவதில்லை. பேருந்துக் கட்டணம், உடன்வருவோரின் ஒருநாள் கூலி, சோறு, அச்சம் ஆகியவை அவனைத் தடுக்கின்றன. ஆதலின் அம்மருத்துவமனை ஊர்தோறும் முகாம் நடத்தியது; உள்ளூர்ச் சங்கங்களையும் வணிகரையும் பொறுப்பேற்கச் செய்தது; நோயாளரை வண்டியில் அழைத்துவந்து, உணவளித்து, மீண்டும் ஊரில் கொண்டுசேர்த்தது. நோயாளி வாராவிடில் மருத்துவம் அவனிடம் செல்லவேண்டும் என்பதே அம்முறையின் உயிர்நாடி.

மனநலத் துறையிலும் மதுரை பின்தங்கவில்லை. மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் அவர்கள் 1992-இல் இந்நகரில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையை நிறுவினார். சிகிச்சையோடு நில்லாமல், குணமடைந்தோர்க்குத் தொழிற்பயிற்சி அளித்து மீண்டும் சமுதாயத்தில் சேர்க்கும் மறுவாழ்வுப் பணியையும் அது மேற்கொண்டது. ஏர்வாடிப் பணியிலும் அதற்குப் பங்குண்டு.

தவாவும் துஆவும்

தீவிபத்திற்குப் பிந்திய ஆண்டுகளில் உருவான நல்வழி, ‘தவா - துஆ’ எனப்படும் திட்டமாகும். ‘தவா’ என்பது மருந்து; ‘துஆ’ என்பது இறைவனிடம் மன்றாடுதல். குஜராத் மாநிலம் உனாவாவிலுள்ள மீரா தாத்தார் தர்காவில் இம்முறை செயற்படுத்தப்பட்டது; ஏர்வாடியிலும் இது வேர்கொண்டது. துஆ செய்ய வருவோரைத் தடுக்காமல், தர்காவின் அருகிலேயே மருத்துவரும் மருந்தும் இருக்குமாறு செய்வது இதன் சிறப்பு. மருத்துவர் சொல்வதைக் கேளாத குடும்பமும், தர்காவில் பணிபுரியும் பெரியவர், “மருந்தையும் சாப்பிடுங்கள், துஆவும் செய்கிறோம்” என்று கூறினால் கேட்கும். இதில் எவருடைய நம்பிக்கையும் புண்படுவதில்லை. நோயாளியும் காலத்தை இழப்பதில்லை.

காலம் இந்நோயில் மிக இன்றியமையாதது. மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிறது. நம் மாணவரின் வயது அதுவே. உறக்கம் கெடுதல், குளியலையும் பாடத்தையும் கைவிடுதல், காரணமற்ற ஐயம், பிறர் கேளாத குரல் கேட்டல் என அது தொடங்கும். தொடக்கத்திலேயே மருந்து உட்கொண்டால் பெரும்பாலோர் தெளிந்து வாழ இயலும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினர்க்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதைக் கண்டது. அவர்களுள் மிகப்பலர் சிகிச்சையின்றி வாழ்வதையும் அது சுட்டியது. பத்தில் ஒருவர் எனில், நம் ஒவ்வொரு தெருவிலும் சிலர் உளர் என்பது பொருள்.

நாம் செய்யத்தக்கவை

மதுரைக் கோரிப்பாளையத்தில் தர்காவும் அரசு இராசாசி மருத்துவமனையும் நடந்துசெல்லும் தொலைவிலேயே உள்ளன. அம்மருத்துவமனையில் மனநோய்க்குக் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கிறது. ஆயினும் ஓரிடத்திற்கு வருவோர் பலர் மற்றோரிடத்திற்குச் செல்வதில்லை. அச்சிறு தொலைவைக் கடக்கக் கைபிடித்து அழைத்துச் செல்வார் இல்லாமையே குறை. அதனைப் போக்கப் பின்வருவனவற்றை முன்வைக்கிறேன்.

முதலாவதாக, ஜமாஅத்துகள் பள்ளிவாசல் வளாகத்திலோ மதரஸாவிலோ மாதம் ஒருமுறை மனநல மருத்துவரை வரவழைத்து முகாம் நடத்தலாம். நம் பெண்கள் தயக்கமின்றி வரத்தக்க இடமாக அது அமையும்.

இரண்டாவதாக, மருந்துக்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் உதவ வேண்டும். ஏழை நோயாளியின் கையில் ஸகாத்தை உரிமையாக்கி அளித்தல் முறையே. கட்டடம், ஊதியம் போன்ற செலவுகளை ஸதகாவும் வக்ஃபு வருவாயும் ஏற்கலாம். இதன் விரிவை ஆலிம் பெருமக்கள் விளக்கியருள வேண்டும்.

மூன்றாவதாக, இமாம்கள் ஜும்ஆ உரையில் ஆண்டிற்கு ஓரிருமுறையேனும் இந்நோயைப் பற்றிப் பேசவேண்டும். சூனியம் என்று பணம் பறிப்போரையும், திருமணம் செய்துவைத்தால் தெளிந்துவிடும் என்று ஒரு பெண்ணின் வாழ்வைப் பணயம் வைப்போரையும் கண்டிக்க வேண்டும். உண்மையை மறைத்து முடிக்கும் நிக்காஹ் இரு குடும்பங்களின் கண்ணீருக்கு வித்தாகும்.

நான்காவதாக, நம் நாட்டுநலப்பணித்திட்ட மாணவர்கள், சிகிச்சை பெறுவோரின் இல்லங்களுக்கு மாதம் ஒருமுறை சென்று மருந்து தொடர்கிறதா எனக் கேட்டறியலாம். நோய் சற்றுத் தணிந்ததும் மருந்தை நிறுத்திவிடுவதே பெரும்பாலும் அது மீண்டும் தாக்குவதற்குக் காரணம். 2022-ஆம் ஆண்டு முதல் இயங்கும் நடுவண் அரசின் ‘டெலிமானஸ்’ தொலைபேசி எண் 14416-ஐ ஒவ்வொரு வீட்டிற்கும் அறிவிக்கலாம். குணமடைந்தோர்க்கு நம் வணிகப் பெருமக்கள் கடையில் ஒரு சிறு வேலை தரலாம். மருந்து தராத தெளிவை அவ்வேலை தரும்.

இவையெல்லாம் அரசின் வேலையன்றோ என்று கேட்கலாம். மருத்துவரும் மருந்தும் அரசின் பொறுப்பே; அதனை உரிமையோடு கேட்டுப் பெறவேண்டும். ஆனால் வீட்டுக் கதவைத் தட்டும் உரிமை அண்டை வீட்டாருக்கே உண்டு. மருத்துவத்தின் கூறுகளாக வள்ளுவர் எண்ணிய நான்கனுள் நோயாளியும் மருத்துவரும் மருந்தும் மட்டுமின்றி, உடனிருந்து பணிபுரிவோனும் ஒருவனாவான். அந்நான்காமவனின் இடமே இன்று வெறுமையாக உள்ளது. அதனை நிரப்ப வேண்டியோர் நாமே.

அட்சயபாத்திரத்தை முதன்முதலில் ஏந்திய ஆபுத்திரன், அதனைப் பெறுமுன்னரே இம்மதுரையில் பிச்சை ஏற்றுவந்து, குருடர், செவிடர், முடவர், பிணியாளர், காப்பார் அற்றோர் ஆகியோரை உண்பித்ததாக மணிமேகலைக் காப்பியம் கூறுகிறது. அப்பாத்திரம் பின்னர் மணிமேகலையின் கைக்கு வந்தபோது சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறியது. சாத்தனார் பாடிய அம்மாற்றம் நம் காலத்திலும் நிகழல் வேண்டும். அடைத்து வைத்த அறைகள் திறக்கட்டும். மருந்தோடு செல்வோர் வாயிலாக நம் துஆக்கள் நிறைவேறட்டும். அதற்குரிய மனவுறுதியை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக!