தார்ப்பாய் இழுத்த கைகள்



2017 நவம்பர் 7, காரியவட்டம் கிரீன்ஃபீல்ட் மைதானத்தின் முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டம். நியூசிலாந்து வந்திருந்தது, மழையும் வந்தது. சாலைக் கடைத்தெருவே டிவியில் கோலியைத் தேட, நான் தார்ப்பாய் இழுக்கிறவர்களிடையே என் வீட்டுக்காரரைத் தேடினேன். ராத்திரி மழை விட்டபின் அணிக்கு 8 ஓவர் என்று ஆட்டத்தைச் சுருக்கி நடத்தினார்கள். இந்தியா 6 ரன்னில் ஜெயித்தது. ஊரெல்லாம் பும்ரா பேச்சு.

விடியற்காலை வீடு வந்தவருக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. "பிட்ச்சுல ஒரு சொட்டு படல" என்றார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. மைதானத் தொழிலாளர்கள் வெயிலில் புல் வெட்டி, ரோலர் ஓட்டி, மழையில் ஓடி உழைக்கிறார்கள். ஆட்டச் செய்தியில் அவர்களைப் பற்றியும் இரண்டு வரி போடுங்கள்.

– வாசகி, சாலை, திருவனந்தபுரம்