ஆற்றங்கரை வீடும் ஆயுட்காலச் சேமிப்பும்

நாகர்கோவிலிலிருந்து வரும் பஸ் கரமனைப் பாலத்தைத் தாண்டியதும், 'ஊர் வந்துவிட்டது' என்று பிரயாணிகள் பையைக் கையில் எடுத்துக்கொள்வது வழக்கம். திருவனந்தபுரத்துக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழர்களுக்குக் கரமனை அவ்வளவு பழக்கமான இடம். அக்கிரகாரம், சத்தியவாகீசுவரர் கோயில், தெருவில் காதில் விழும் தமிழ், அருகிலேயே சாலைக் கடைத்தெரு, தம்பானூர் ரயில் நிலையம். வாடகை வீட்டில் காலம் தள்ளிய குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் இங்கே சொந்தமாக ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே.

இந்த ஆசையை அறிந்துதான், 'ஆற்றைப் பார்த்த வீடு' என்று சொல்லி விற்க வருகிறார்கள். ஆற்றங்கரைக் காற்று நல்லதுதான். ஆனால் பிராவிடண்ட் பண்டையும் சிட்டிப் பணத்தையும் மனைவியின் நகையையும் ஒன்றுசேர்த்துக் கொடுப்பவர், ஆற்றின் மறுமுகத்தையும் பார்த்தாக வேண்டும்.

கரமனை இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள ஊர். ஒரு பக்கம் கிள்ளியாறு, மறு பக்கம் கரமனையாறு. 2023 அக்டோபர் 14 இரவு கொட்டிய மழையில் இந்த ஆறுகளும் நகரின் கால்வாய்களும் பெருகி, தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பலர் முகாம்களில் தங்க நேர்ந்தது. ஆகவே மனை பார்க்கப் போகிறவர் சித்திரை வெயிலில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கக் கூடாது. ஐப்பசி மழையிலும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைத் தரகரிடம் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பது நல்லது.

அடுத்தது பத்திரம். கேரளத்தில் 'ஆதாரம்' மலையாளத்தில் எழுதப்படுகிறது. அதில் 'நிலம்' என்ற சொல்லைக் கண்டு தமிழர் ஏமாறுவதற்கு இடமுண்டு. தமிழில் நிலம் என்றால் பொதுவாகப் பூமி. கேரள ரெவின்யூ கணக்கிலோ நிலம் என்றால் நெல்வயல். வீடு கட்டத் தக்க மனைக்குப் 'புரயிடம்' என்று பெயர். நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008ல் வந்தது. வயல் என்று பதிவான இடத்தை வாங்கினால், வீடு கட்ட அனுமதி கேட்டு ஆபீசுக்கு ஆபீஸ் அலைய வேண்டிவரும். எனவே மலையாளம் படிக்கத் தெரிந்த, நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு முன் ஆதாரங்களையும் வில்லங்கச் சான்றையும் வரி ரசீதையும் வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு இதற்கே 4 லட்சம் தனியாக வேண்டும்.

அடுக்குமாடி வீடு வாங்குவோர் 2016 ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் திட்டம் கேரள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆற்றின் கீழ்ப்பகுதியில், திருவல்லம் பக்கம், கடல் நீர் ஏறி இறங்கும் இடங்களில் வாங்குவோருக்குக் கொச்சி மரடு ஒரு பாடம். கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டிய நான்கு அடுக்குமாடிகள், சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 343 வீடுகள் மண்ணோடு மண்ணாயின. விதியை மீறியவர்கள் வேறு. வீட்டை இழந்தவர்கள் வேறு.

வாங்குவோர் எச்சரிக்கையாக இருந்தால் மட்டும் போதுமா? அகத்திய மலையில் பிறக்கும் கரமனையாறு, பேப்பாறையிலும் அருவிக்கரையிலும் தலைநகருக்குக் குடிதண்ணீர் தருகிறது. அதே நகரம் கீழே அந்த ஆற்றில் சாக்கடையைக் கலக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2018 ஆம் ஆண்டுப் பட்டியலில், மாசடைந்த ஆறுகளுள் கரமனையாறும் இடம் பெற்றது. வீட்டு வரியையும் பதிவுக் கட்டணத்தையும் தவறாமல் வசூலிக்கும் அரசுக்கும் மாநகராட்சிக்கும் இதில் பொறுப்பு இல்லையா?

சாக்கடைக் குழாய்கள் ஆற்றில் திறப்பதைத் தடுக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே கால்வாய்களைத் தூர்வார வேண்டும். வெள்ளம் ஏறிய உயரத்தைத் தெருதோறும் கல்லில் குறித்து வைத்தால், அந்த ஒரு கோடே ஏழை வாங்குவோருக்குப் பெரிய உதவியாகும். முப்பது வருஷ உழைப்பைக் கொண்டு ஒரு குடும்பம் வாங்கும் வீடு, ஒரு ராத்திரி மழைக்குப் பயந்து நிற்கும்படி இருக்கலாகாது.