ஹேர்மிஸும் ஒரு மையவாடிதான்



போன கிழமை என்னிடம் படித்த பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கடலட்டைக்குச் சிலிண்டர் கட்டி இறங்கும் பிள்ளை. பேப்பரில் சுற்றிய பித்தளைத் துண்டொன்றைக் காட்டி, "சேர், இது ஹேர்மிஸ் கப்பல்ட. நல்ல விலைக்குப் போகுமா?" என்று கேட்டான். அன்று அவனிடம் ஒழுங்காகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். இன்னும் சில பிள்ளைகளுக்கும் இது தேவைப்படும்.

மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் அந்தக் கப்பலைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து காசு செலவழித்து வருகிறார்கள். அதன் கதை நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விமானம் தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கிய ஜப்பான் படை, முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸையும் நடுக்கடலில் கண்டுபிடித்துத் தாக்கியது. அன்று அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தாண்டு போனது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மௌத்தானார்கள். அவர்களில் பலருக்குக் கடல்தான் கபுறு.

"வெள்ளைக்காரன்ட கப்பல்தானே, நமக்கென்ன?" என்று சிலர் கேட்பார்கள். யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து போனபோது எழுந்து நின்ற நபியின் (ஸல்) உம்மத் நாம். 2004 சுனாமியில் இலங்கையிலேயே ஆகக்கூடுதலான உயிர்களை இழந்தது நம்ம அம்பாறை மாவட்டம். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மையித்துக்கூடக் கிடைக்காத வீடுகள் உண்டு. கொரோனா காலத்தில் ஜனாஸாக்களை எரித்தபோது அடக்கும் உரிமைக்காக அழுதோம். பிறகு ஓட்டமாவடி வரை கொண்டுபோய் அடக்கினோம். கபுறின் பெறுமதி நமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

சுழியோட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போய்ப் பாருங்கள். ஆனால் மையவாடிக்குப் போவது போலப் போய், வெறுங்கையோடு வாருங்கள்.

அதற்கு முன் முறையாகப் பழகுங்கள். ஹேர்மிஸ் கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. பொழுதுபோக்குச் சுழியோடிகளின் எல்லையே 40 மீற்றர்தான். அந்த ஆழத்தில் அமுக்கம் மேலே இருப்பதைப் போல ஆறு மடங்கு. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்தில் கரையும். அவசரப்பட்டு மேலே வந்தால் சோடாப் போத்தலைத் திறந்தது போல உடம்புக்குள் குமிழி கட்டும். கால் வழங்காமல் போகலாம், உயிரும் போகலாம். முதலில், கல்குடாப் பக்கம் சுமார் 24 மீற்றரில் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் போன்ற கப்பலில், பயிற்றுநரோடு இறங்குங்கள்.

பித்தளையை ஒரு தடவைதான் விற்கலாம். கப்பல் அப்படியே இருந்தால், ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டி வருசக்கணக்கில் உழைக்கலாம். அந்தத் தொழில் ஏன் நம்ம பிள்ளைகளின் கைக்கு வரக்கூடாது?

மகன், இதை வாசித்தால் அந்தத் துண்டை விற்றுவிடாதே. திருப்பி வைக்கிறேன் என்று மறுபடி இறங்கவும் வேண்டாம். தொல்பொருள் திணைக்களத்திடம் ஒப்படைப்போம். தனியாகப் போகப் பயமென்றால் நானும் கூட வருகிறேன்.