நர்ஸ்களுக்கு ரூ.20,000 சம்பளம்: கேரளாவில் எப்படி சாத்தியமானது? சங்கம் தந்த தலைமை!

வார்டு முழுக்க நோயாளிகள், நைட் டியூட்டியில் ஒரே ஒரு செவிலியர். "ஆள் பத்தல சார்" என்று அவர் தனியாகப் போய் நிர்வாகத்திடம் சொன்னால், "இஷ்டம்னா இருங்க, இல்லன்னா கிளம்புங்க" என்ற பதில்தான் பல இடங்களில் கிடைக்கும். அதையே ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து கேட்டால்?

என்ன நடந்தது?

தனியார் மருத்துவமனை செவிலியர்களின் நிலை குறித்து உச்ச நீதிமன்றம் சென்றது, 1908-ல் தொடங்கப்பட்ட இந்திய பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம். 2016 ஜனவரியில் நீதிமன்றம், இதை ஆராய குழு அமைக்கச் சொன்னது.

குழுவின் பரிந்துரை இதுதான்:

- 200 படுக்கைகளுக்கு மேல்: அரசு செவிலியருக்கு இணையான சம்பளம்
- 100 முதல் 200 வரை: 10% வரை குறையலாம்
- 50 முதல் 100 வரை: 25% வரை குறையலாம்
- 50-க்கும் கீழ்: குறைந்தது ரூ.20,000

பரிந்துரை வந்தா போதுமா?

போதாது. அமல்படுத்த வேண்டியது மாநில அரசுகள். பல மாநிலங்களில் அது காகிதத்தோடு நின்றது. கேரளாவில் கதை மாறியது.

காரணம், 2011-ல் உருவான யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன். குறைந்த சம்பளம், பாண்ட் முறை ஆகியவற்றை எதிர்த்து தனியார் மருத்துவமனை செவிலியர்கள் திரண்ட அமைப்பு இது. 2018 ஏப்ரல் 24-ல் தலைமைச் செயலகம் நோக்கி நீண்ட நடைபயணம் என அறிவித்தார்கள். முந்தைய நாளே, குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் ரூ.20,000 என அரசு அறிவிக்கை வெளியிட்டது.

தலைமைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மருத்துவமனைக்குள் சீனியாரிட்டியில் தலைமைச் செவிலியர் ஆகலாம். ஆனால் அவர் நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அரசாணையைப் படிப்பது, தொழிலாளர் துறையோடு பேரம் பேசுவது, பயந்தவர்களை அழைத்து வருவது... இதெல்லாம் சங்கத்தில்தான் பழக்கமாகிறது.

தமிழ்நாட்டிலும் 2017 நவம்பரில் ஒப்பந்த செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டபோது, அவர்கள் சார்பில் அரசிடம் பேசியது சங்க நிர்வாகிகளே.

சிக்கல் எங்கே?

ஷிப்டு முடித்து, வீட்டு வேலையும் பார்ப்பவருக்கு சங்கக் கூட்டத்துக்கு நேரம் ஏது? சின்ன கிளினிக்கில் தனியாக வேலை பார்ப்பவருக்கு சங்கமே எட்டாத தூரம். ஆனால் சம்பளம் மிகக் குறைவாக இருப்பது பெரும்பாலும் அவர்களுக்குத்தான். அவர்களையும் சேர்க்கும் வரை இந்தத் தலைமை பாதிதான்.