ஒரு சாணுக்குள் ஃபியூஸ்

2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய மழை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. கொட்டித் தீர்த்தது. முடிச்சூர் தெருக்களில் மீனவர்களின் படகுகள் ஓடின. தண்ணீர் ஏறும் இடத்தில் பேட்டரியை வைக்கக் கூடாது என்பதைத் தென்சென்னைப் புறநகர் அன்று கண்ணால் பார்த்தது. படகிலோ தண்ணீர் என்றைக்கும் காலடியிலேயே கிடக்கிறது.

2012 மின்வெட்டுக் காலத்தில் வீட்டு இன்வெர்ட்டர் மாட்டிக் கை பழகியவர்கள் கூடுவாஞ்சேரி சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். கோவளத்திலிருந்தோ காசிமேட்டிலிருந்தோ ஒரு படகு வேலை வந்தால், அந்தக் கைப்பழக்கத்தை அப்படியே கொண்டுபோய் இறக்கிவிடக் கூடாது.

முதல் தவறு பேட்டரி பக்கம் நடக்கிறது. "12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்பார்கள். அடிக்காதுதான், எரிக்கும். 1000 வாட் லோடு 230 வோல்ட் பக்கம் நாலரை ஆம்பியர்கூட இழுக்காது. அதே லோடுக்கு 12 வோல்ட் பக்கம், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால், 100 ஆம்பியரை நெருங்கும். ஒரு மீட்டர் தூரம்தான் என்றாலும் 35 ஸ்கொயர் பல இழை ஒயர் போடுவதே நல்லது. வீட்டில் மிஞ்சிய 6 ஸ்கொயர் ஒயரை இரட்டையாக முறுக்கிப் போடும் வேலை, வேலையே இல்லை.

படகில் ஓராண்டு கிடந்த லக் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் போதும். கட்டிங் பிளேயரால் நசுக்கிய இடத்தில் உப்புக்காற்று புகுந்து, இழைகள் பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கும். விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். அந்த இடத்தில் மின்தடை ஏறும், சூடு ஏறும், பிறகு உறை உருகும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், சரியான அளவு கிரிம்பிங் டூல், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் மூன்றுக்கும் ஆகும் செலவைப் படகுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம்.

ஃபியூஸ் எங்கே இருக்க வேண்டும்? அமெரிக்கப் படகு, யாட் கவுன்சிலின் விதி பொதுவாக பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் என்கிறது. ஒரு சாணுக்கும் குறைவு. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் இன்வெர்ட்டரைத்தான் காக்கும்; நடுவழியில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் அதற்கு ஒன்றும் தெரியாது. வீட்டு எம்.சி.பி.யையும் அங்கே மாட்டக் கூடாது. ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும். டி.சி.யில் அந்தப் பூஜ்யமே வராது. காண்டாக்ட் பிரிந்தும் பொறி நின்று எரியும். டி.சி.க்கென்றே முத்திரை உள்ள ஃபியூஸ் வேண்டும்.

சார்ஜ் ஏறும் லெட்-ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஆகவே பேட்டரிப் பெட்டியின் மேல்பக்கம் காற்றுப்போக்கு வேண்டும். இன்வெர்ட்டரை அதற்கு நேர் மேலே மாட்டக் கூடாது. பெட்ரோல் டேங்க் உள்ள அறையில் சாதாரண இன்வெர்ட்டர் அறவே கூடாது.

ஆர்.சி.சி.பி. மாட்டியாயிற்று என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. இன்வெர்ட்டரின் வெளியீடு எர்த்தோடு சேராமல் மிதந்தால், ஒருவர் ஒயரைத் தொட்டாலும் அது ட்ரிப் ஆகாது. இன்வெர்ட்டரில் ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் அங்கேயே இணைய வேண்டும். கரை மின்சாரத்துக்கு மாறியதும் அந்த இணைப்பு விலக வேண்டும். இதைத் தானே செய்யும் மரைன் இன்வெர்ட்டர்கள் உண்டு. விலை கூடுதல்தான், ஆனால் ஈரத்தளத்தில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது தேவை.

ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வி.எச்.எஃப்., எல்.இ.டி. விளக்கு எல்லாமே பேட்டரியில் நேராக ஓடக்கூடியவை. அவற்றைத் தனித்தனி ஃபியூஸோடு பிரித்துவிட்டால், பல படகுகளுக்குச் சின்ன இன்வெர்ட்டரே போதும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில், பெயின்ட் அடிக்கும் முன்பே பேட்டரி லக் ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்துவிடலாம்.